கதவிடுக்கில் வைத்த துண்டு

“டேய் ராஜேஷ், மொதல்ல அந்தக் கதவத் தொற. குளுருதுனு மூடிகினு உக்காந்தா ஆச்சா?”

குளிரட்டும். மார்கழியில் குளிராமல் என்ன செய்யும்? போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள், கதவு மட்டும் திறந்தே இருக்கட்டும். இந்தப் புது அடுப்புக்குப் பூசிய மண் விடிய விடியச் சின்னத் தீயில் காய வேண்டும். அதுவரை நாம் மூன்று பேரும் இங்கேதான். சின்னதுரை, அந்தத் தணலைக் கிளறாமல் சும்மா இரு. பேய்க் கதை கேட்டீர்களே, சொல்கிறேன். ஆனால் நடுவில் எவனாவது கிண்டல் செய்தால் எழுந்து போய்விடுவேன்.

நம்ம லோடு வண்டி ஓட்டுகிற ராஜ்குமார் இருக்கிறானே... அவன் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது இது. போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில்.

இரவு மணி பதினொன்றேகால். தேவிகாபுரத்திலிருந்து ஆரணிக்கு வருகிற ரோடு. நல்ல மழை. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. ஒரு பஸ் நிழற்குடை, அதன் கீழே ஓர் ஆள், பக்கத்தில் பிளக் நனைந்து நின்றுபோன மொபெட். தவளைச் சத்தம் காதை அடைத்தது. அந்த ஆள் பிளக்கைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்த போன் அடித்தது.

அவர்தான் சுப்பராயலு அண்ணன். கூப்பிட்டது அவருடைய மகள் லாவண்யா.

என்ன பேசினார்கள் என்பதைச் சொல்வதற்கு முன்னால் அவர் பட்டறையைச் சொல்லிவிடுகிறேன். ஆரணியில் வீட்டுக்குப் பின்னால் ஒரே அறை, சாயப்பட்டறை. ஒரு கதவு, கையகல ஜன்னல். பட்டு நூலை வேக வைத்து, சாயம் ஏற்றி, காய வைத்து நெசவுக்காரர்களுக்குக் கொடுப்பது தொழில். மனைவி பெயர் உண்ணாமலை, ராஜ்குமாரின் அக்கா. ஒரே பெண் லாவண்யா, இருபது வயது, காலேஜில் கடைசி வருஷம். ஈர நூலைக் கையில் எடுத்துப் பார்த்தே, சாயத்தில் இன்னும் ஒரு முக்கு முக்கி எடுக்க வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிடுவாள். அப்பா பேச்சைத் தட்டியதே கிடையாது. அதுதான்... அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

அந்தப் பட்டறைக்கு விறகு அடுப்பு போட்டுக் கொடுத்தது நான். என்னடா பார்க்கிறீர்கள்? நானேதான். ஒரு குறை சொல்ல முடியாதபடி போட்டேன். புகைக்குழாய் எங்கும் வளையாமல் நேராக மேலே போனது. கூரைக்கு மேல் மூன்றடி, உச்சியில் மழைக்கு ஒரு தொப்பி, இணைப்புகளில் ஊசி நுழையாது. அடுப்பு வாய்க்குக் கீழே காற்றுக்கு வழி. எரிய விட்டால் அறைக்குள் துளி புகை நிற்காது.

ஒரு மாதம் கழித்துச் சுப்பராயலு அண்ணன் என்னிடம் வந்தார்.

“காத்தவராயா, மழ நாள்ல நூல உள்ளதான் காய வெக்கிறோம். தீ அடங்கினா காத்து குழாய்ல எறங்கி கரிய ஊதுது. வெளிர் கலர்ல ஒரு பொட்டு வுழுந்தாலும் கட்டு மொத்தமும் வீணு. பெரிய பேஜாரா பூட்ச்சி. குழாய மூடற மாதிரி ஒரு தகடு வெச்சிக் குடு.”

“முழுசா மூடக் கூடாதுங்கண்ணா. தணல் கெடக்கும்போது குழாய மூடினா ஆபத்து. நடுவுல கையகலத்துக்கு ஒரு ஓட்ட வுட்டுர்றேன்.”

“ஓட்ட வுட்டா அது வழியா கரி வராதா? பொக அடங்கின பொறவுதான மூடப்போறன். எனக்குத் தெரியாதா இன்னா?”

அவருக்குத் தெரிந்தது நூல். புகை கண்ணில் படவில்லை என்றால் அடுப்பில் ஒன்றும் இல்லை என்று நினைத்தார். நூலில் கரி விழுகிறதா இல்லையா, அது ஒன்றுதான் அவருக்குக் கணக்கு. நானும் எத்தனை தடவை சொல்வது என்று அலுத்துப்போய், ஓட்டை இல்லாத தகட்டையே வைத்துக் கொடுத்தேன். கிரைண்டரில் இரண்டு நிமிஷ வேலை அந்த ஓட்டை. நான் போடவில்லை.

சரி... அந்த ஐப்பசி மழைக்கு வருகிறேன். கல்யாணப் புடவைக்குச் சந்தனக் கலர் நூல். காலையில் கொடுத்தாக வேண்டும். உண்ணாமலை அக்கா தன் தங்கையின் பிரசவத்துக்கு வெம்பாக்கம் போயிருந்தார்கள். தேவிகாபுரத்து நெசவுக்காரர் ஒருவருக்கு வேறு நூல் கொடுக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் சுப்பராயலு அண்ணன் கிளம்பினார். கிளம்பும்போது மகளிடம் சொன்னார்.

“நூல மணிக்கு ஒரு தரம் திருப்பிப் போடும்மா. பொக அடங்கினதும் தகட்ட மூடிடு. தனியா கீற, கதவத் தாப்பா போட்டுக்கோ. கதவிடுக்குல துண்டு ஒண்ணு அடச்சிக்கோ, ஈரக்காத்து வரக் கூடாது.”

காய்கிற நூலில் ஈரக்காற்று பட்டால் கலர் திட்டுத் திட்டாகிவிடும். சாயக்காரர்கள் எல்லாருக்கும் இருக்கிற பயம்தான். அவள் அப்பாவின் துண்டையே எடுத்தாள். நீலக் கட்டம் போட்டது. சுருட்டிக் கதவுக்கடியில் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் திணித்தாள். ஜன்னலையும் சாத்தினாள். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத பிள்ளை.

இப்போது அந்த நிழற்குடைக்கு வாருங்கள். பதினொன்றேகால். போன்.

“அப்பா... தல ரொம்ப வலிக்குதுப்பா. வாந்தி வர்ற மாரி இருக்குது. கொஞ்ச நேரம் கதவத் தொறக்கட்டா?”

“வேணாம்மா, தொறக்காத. சாய வாசனைக்கு அப்படித்தான் இருக்கும். இம்மா நேரம் காய வெச்சது வீணாப் பூடும். செத்த நேரம் படுத்துக்கோ. நான் ஜல்தி வந்துர்றேன்.”

“சரிப்பா.”

அவ்வளவுதான்.

பிளக் காய்ந்து வண்டி கிளம்பி அவர் வீடு வந்து சேரும்போது பன்னிரண்டரை. பட்டறைக் கதவைத் தட்டினார். தகரக் கூரையில் மழைச் சத்தம் மட்டும். கதவுக்கடியில் லைட் வெளிச்சம்கூட வரவில்லை, அத்தனை கெட்டியாகத் துண்டு அடைத்திருந்தது. இன்னொரு தரம் தட்டினார். அப்புறம் கடப்பாரை.

உள்ளே கதகதவென்று இருந்தது. புகை இல்லை. கெட்ட வாசனை எதுவும் இல்லை. காய்ந்த பட்டின் வாசனை மட்டும். அடுப்பில் தணல் சிவப்பாகக் கிடந்தது, குழாயில் தகடு மூடியிருந்தது. நூல் காயப் போட்டிருந்த மூங்கில்களுக்குக் கீழே பாயில், கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாள். கன்னம் இரண்டும் ரோஸாக இருந்ததாம். தூங்குகிறாள் என்றே நினைத்தார். திடுக்கென்று விழித்துப் பயந்துவிடக் கூடாதே என்று மெதுவாகக் கூப்பிட்டாராம்... “லாவண்யா, எழுந்திரும்மா, அப்பா வந்துட்டேன்.” இரண்டு தடவை.

தலைக்கு மேலே சந்தனக் கலர் நூல் நன்றாகக் காய்ந்திருந்தது. ஒரு திட்டு இல்லை. ஒரு பொட்டுக் கரி இல்லை.

புகை அடங்கினாலும் தணலிலிருந்து விஷக்காற்று வந்துகொண்டேதான் இருக்கும், அதற்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை என்று டாக்டர் சொன்னார். கல்யாணம் ஆகாத பெண், அதனால் புதைத்தார்கள். அந்த நீலக் கட்டத் துண்டையும் அவளோடு குழியில் வைத்தது சுப்பராயலு அண்ணன்தான். நானும் ஒரு கை மண் போட்டேன். அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்ததோடு சரி. திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். உண்ணாமலை அக்கா வெம்பாக்கத்திலேயே இருந்துவிட்டார்கள். இன்று வரைக்கும் அண்ணனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் ராத்திரி ஆரம்பித்தது.

தட்... தட்...

ஈர நூலை உதறி மூங்கிலில் போடுகிற சத்தம். பூட்டிய பட்டறைக்குள்ளிருந்து. மணி பதினொன்றேகால். அப்புறம் கதவுக்கு அந்தப் பக்கம், மெலிசாக...

“அப்பா, தொறக்கட்டா?”

அவர் விழுந்தடித்து ஓடிப் பூட்டைத் திறந்தார். கதவு வரவில்லை. உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. உடைத்துக்கொண்டு போனார். அறை காலி. வெறும் மூங்கில் ஒன்று மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாளும் அப்படித்தான். “தொறம்மா, தொற” என்று வெளியிலிருந்து கத்துவாராம். உள்ளே சத்தம் நின்றுவிடும். தாழ் மட்டும் நகராது. ஒரு வாரத்தில் தாழ்ப்பாளைப் பிடுங்கினார். அப்படியும் நிற்கவில்லை, கதவையே கழற்றி விறகாக வெட்டினார். ஜன்னலையும் விடவில்லை. தை கடைசியில் ராஜ்குமாரை அனுப்பி என்னைக் கூப்பிட்டார். அடுப்பைப் பிரித்து எடுத்துப் போக வேண்டுமாம்.

எனக்குப் போக மனசே இல்லை. எந்த முகத்தோடு போவது? ஆனால் போகாமல் இருக்க முடியுமா? நானும் ராஜ்குமாரும் சாயங்காலம் போனோம். முதலில் அந்தத் தகட்டைத்தான் கழற்றினேன். அடுப்பைப் பிரித்து முடிக்கவே ராத்திரி ஆகிவிட்டது. வாசலில் வெறும் நிலை மட்டும் நின்றது, கதவு இல்லை. ஜன்னல் இருந்த இடத்தில் ஓட்டை. குழாய் போன இடத்தில் வானம் தெரிந்தது. காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போனது. அண்ணன் வாசலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். நாங்களும் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

பதினொன்றேகால்.

தட்... தட்...

ராஜ்குமார் என் கையைப் பிடித்துக்கொண்டான். கிறீச்சென்று இரும்பு உரசியது... டக். தாழ் விழுகிற சத்தம். கதவே இல்லாத வாசலில்.

அண்ணன் எழுந்து ஓடினார். வாசலில் போய் முட்டி நின்றார். டேய், சத்தியமாகச் சொல்கிறேன், அங்கே எதுவும் இல்லை. வெறும் காற்று. அதன் மேல் இரண்டு கையாலும் அடித்தார். எங்களுக்குக் கேட்டது மரக்கதவில் அடிக்கிற சத்தம். தம்... தம்... தம்...

“அப்பாதாம்மா சொல்றேன்! தொற! நூல் போனாப் போவுது... தொறந்துட்டு வெளிய வாம்மா!”

உள்ளே நூல் உதறுகிற சத்தம் நின்றது. அப்புறம் அந்தக் குரல் வந்தது. லாவண்யா குரல்தான். எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்து, “அண்ணா, சக்கர போதுமா?” என்று கேட்கிற அதே குரல். களைத்துப்போய், தூக்கக் கலக்கத்தில் பேசுகிற மாதிரி வந்தது.

“தொறக்கலப்பா. நீ சொன்ன மாரியே... தொறக்கவே இல்ல.”

நான் அழுதேன். பயத்தில் இல்லை. ராஜ்குமார் அங்கேயே குப்புறப் படுத்துவிட்டான். அண்ணன் மட்டும் வாசலைத் தட்டிக்கொண்டே இருந்தார், கை வீங்குகிற வரைக்கும்.

அதற்குப் பிறகு ஓட்டை இல்லாத தகடு நான் எவனுக்கும் செய்ததில்லை. எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

விடிந்ததும் சாமான்களை வண்டியில் ஏற்றினோம். கடைசியாக ஒரு தரம் பார்க்கலாம் என்று பட்டறைக்குள் போனேன். வாசல்படியின் உள்பக்கம், கதவுக்கடி இருந்திருக்க வேண்டிய இடத்தில், நீளமாகச் சுருட்டி ஒரு துண்டு கிடந்தது. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும். நீலக் கட்டம். தொட்டுப் பார்த்தேன். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஆரணியில் மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பின்னால் வந்த அண்ணன் குனிந்து அதை எடுத்தார். வீங்கிய கையால் மெல்லப் பிழிந்தார். உதறினார், தட்... தட்... என்று. நூல் காயப் போடுகிற மூங்கிலில் சுருக்கம் இல்லாமல் விரித்துப் போட்டார்.

“தெனிக்கும் காய வெக்கிறேன்டா காத்தவராயா,” என்றார். “தெனிக்கும் காலைல ஈரமாத்தான் கீது.”