மேனேஜர் என்ற பூனை

அந்த வகுப்பறையின் மின்விசிறிக்குச் சுற்றுவதைவிடச் சத்தம் போடுவதில்தான் ஆர்வம் அதிகம். அங்கே வந்து உட்கார்ந்த ஆசிரியர்களும் ஏறக்குறைய அப்படித்தான், இன்ஸ்பெக்டர் சார்.

கோடை விடுமுறையில் பள்ளி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இணையப் பாதுகாப்பு முகாம் நடத்துவது என் தொழில். மாணவர்களைப் பற்றிக் குறையில்லை. ஆசிரியர்கள்தான் பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிவைத்துவிட்டு, "இங்க யாரு சார் வந்து பாக்கப் போறாங்க?" என்பார்கள்.

புவியியல் டீச்சர் முதல் நாளே கையைத் தூக்கினார். "காணாம போனவங்கள இதுல தேட முடியுமா தம்பி?" கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன ஒரே மகனுக்காகக் கேட்டார். அத்தனை மாணவர்கள் முன்னால் என்னைத் தம்பி என்றார். நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அன்றைய பாடம் எளிமையானது. தெரிந்தவர் பெயரில் மெயில் வந்தால் நம்பாதீர்கள். உங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். பயிற்சிக்காக ஆளுக்கொரு கேள்வி யோசிக்கச் சொன்னேன். எல்லாரும் எழுந்து கேள்வியோடு பதிலையும் உரக்கச் சொன்னார்கள். ரகசியத்தை மைக்கில் அறிவிக்கிற கூட்டம். டீச்சர் சொன்னது, வீட்டுப் பூனைக்கு மகன் வைத்த பெயர். நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே மாட்டாதாம், அதனால் மேனேஜர்.

முகாம் முடிவதற்குள் ஆசிரியர்களுக்குப் போலி மெயில் அனுப்பிச் சோதிப்பது வழக்கம். மற்றவர்களுக்குச் சம்பள உயர்வு என்று அனுப்பினேன். வரலாற்று வாத்தியார் உடனே விழுந்தார். விளையாட்டு வாத்தியார் பாஸ்வேர்டை இரண்டு முறை கொடுத்தார், ஒழுங்காகப் போய்ச் சேரட்டும் என்று. டீச்சருக்குச் சம்பளத்தில் அக்கறை இல்லை. அதனால், 'அம்மா, நான்தான். நல்லா இருக்கேன்' என்று எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது: 'நம்ம பூனை பேரு என்ன?'

எனக்குப் பெருமையாக இருந்தது. பாடத்தைக் காதில் வாங்கியது அவர் ஒருவர்தான். பூனையின் பெயரை எழுதி அனுப்பினேன்.

மறுநாள் எல்லாவற்றையும் திரையில் போட்டுக் காட்டுவதாக இருந்தேன். அவர் வகுப்பு முழுக்க மிட்டாய் கொடுத்துக்கொண்டு வந்தார். "நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே கேட்டேன் தம்பி. கரெக்டா சொல்லிட்டான். நீங்க நல்லா இருக்கணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்போதே சொல்லியிருக்கலாம். வாயில் மிட்டாய் இருந்தது.

பிறகு தினமும் எழுதினார். ஞாயிறுதோறும் மகனின் போட்டோவோடு பேருந்து நிலையத்தில் அலைந்துகொண்டிருந்தவர், 'இனிமே தேடாதீங்க, வேலை முடிஞ்சதும் நானே வரேன்' என்று நான் எழுதியதும் நிறுத்திக்கொண்டார். முட்டிவலிகூடக் குறைந்துவிட்டதாம். இதைக் கெடுதல் என்று எப்படிச் சொல்வீர்கள்?

நீங்கள் பிணவறைக்கு வரச் சொன்னபோதும் என்னைத்தான் கேட்டார்: 'யாரோ ஒரு பையனாம். வந்து பாக்கச் சொல்றாங்க. போகவா?'

'போகாதீங்கம்மா. நான்தான் இருக்கேனே' என்று எழுதினேன்.

'என் பையன் உயிரோட இருக்கான், பாருங்க' என்று அவர் உங்களிடம் என் மெயில்களைக் காட்டினாராம். அந்த உடலை யாரும் உரிமை கோராததாகப் புதைத்துவிட்டீர்கள். இப்போது பல்லை வைத்து, அது அவர் மகன்தான் என்கிறீர்கள். கடைசி மாதம் முழுக்க அந்தப் பேருந்து நிலையத்தில்தான் காய்ச்சலோடு சுருண்டு கிடந்தானாம். பெற்றவள் இருக்கும் ஊரிலேயே கிடந்துகொண்டு, ஒரு வரி எழுதிப் போடத் துப்பில்லாதவன்.

எல்லா மெயிலும் நான் எழுதியவைதான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். என் போனை மட்டும் ஒரு நிமிஷம் கொடுங்கள். காலையிலிருந்து பதில் போடவில்லை. அம்மா இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டாங்க.