தவளை வண்டியின் வலது பிரேக்

— இன்னொருக்கா இழு சுகுணா. இழுத்து அப்படியே புடிச்சுக்க. உட்றாத.

— புடிச்சிருக்கறனுங்க தனபாலண்ணா.

— ம்... ஆயிலு சுத்தமாத்தான் வருது. ஒரு குமிழி இல்ல. சரி, உடு கைய.

— இதோட எத்தினியாவது தடவைங்க? கை மரத்துப் போச்சுங்க.

— நாலாவது. ஜீப்பா இருந்தா இந்நேரம் கொழாய்ல இருக்கற காத்த, ஏர எடுத்து முடிச்சு ஏற்காடே போய்ச் சேந்திருப்பேன். முப்பது வருசமா பிரேக்கோட மல்லுக்கட்டறேன், தண்ணியிலயும் தரையிலயும் போற ஒண்ணுக்குப் பாக்கறது இதுதான் மொத வாட்டி. தவளை வண்டின்னு சரியாத்தான் பேரு வெச்சிருக்கீங்க. ஆறு சக்கரம் இருக்குது, ஸ்டியரிங்கக் காணோம்.

— ஸ்டியரிங்கே கெடையாதுங்கண்ணா. பிரேக்குதான் எல்லாம். இடது கைப்பிடிய இழுத்தா இடது பக்கத்து மூணு சக்கரமும் நின்னுரும், வண்டி அந்தப் பக்கம் திரும்பிக்கும். வலதும் அதே மாதிரிதானுங்க. ரெண்டையும் ஒண்ணா இழுத்தா நேரா நிக்கோணும்.

— நிக்கல.

— நிக்கலீங்க. மோதுன அன்னிக்குக் கெளம்பும்போதே வலது பக்கம் திரும்ப மாட்டேன்னு அடம் புடிச்சுது. பனிக்கு அப்படி இருக்கும்னு உட்டுட்டேன். கொளத்துக்கு எறங்கற சரிவுல ரெண்டையும்தான் இழுத்தேன். இடது கப்புனு புடிச்சுது. வலது பாட்டுக்கு உருண்டுக்கிட்டே போச்சு. அப்படியே இடது பக்கமாச் சுத்தி சில்வர் ஓக் மரத்துல மோதிருச்சுங்க. எஸ்டேட்டு பங்களாவுல தங்க வந்து பின்னால உக்காந்திருந்த கெஸ்ட்டம்மாவுக்குக் கை முறிஞ்சு போச்சு.

— மேனேஜரு என்னங்கறாரு?

— மத்தியானம் வர்றாருங்க. வண்டியிலதான் கோளாறுன்னு நீங்க எழுதிக் குடுத்தா நான் மறுபடி இதுல ஏறலாம். இல்லாட்டி திங்கக்கெழமையிலருந்து காப்பிப் பழம் பறிக்கப் போன்னுட்டாரு. எஸ்டேட்டுக் கணக்கெழுதற ரைட்டரு சந்தோஷு அதுக்குள்ள எழுதியே வெச்சுட்டாருங்க, பொம்பள பயத்துல ஒரு கைப்பிடிய மட்டும் இழுத்துட்டான்னு.

— நீ ரெண்டையும்தான இழுத்த?

— சத்தியமா இழுத்தனுங்க. ஆனா ஆளாளுக்கு வந்து கேக்கக் கேக்க எனக்கே சந்தேகமாப் போச்சு. நாலு நாளா படுத்தா தூக்கமில்ல. கண்ண மூடுனா அந்தம்மா கத்துனதுதான் கேக்குது.

— காலைல எதாச்சும் குடிச்சியா இல்லியா?

— அவரு காப்பி வெச்சுக் குடுத்தாருங்க.

— யாரு, உம்புருசன் காளியண்ணனா? அவன் அடுப்புப் பக்கம் போற ஆளா?

— இப்பத்தானுங்க. வண்டி மோதுனதுலருந்து ஆளே மாறிட்டாரு. மூணு வருசம் அவரு ஓட்டுன வண்டிங்க இது. நொம்ப வேகம், கெஸ்ட்டுங்க பயப்படறாங்கன்னு மேனேஜருதான் என்கிட்ட மாத்திக் குடுத்தாரு. நான் கேக்கவே இல்லீங்க. அவரக் காப்பிச் செடிக்கு மருந்தடிக்கப் போட்டாங்க. ஆறு மாசம் ஊட்டுல என் மொகத்தப் பாத்து ஒரு வார்த்த பேசலீங்க. இப்ப ராத்திரியானா காலப் புடிச்சு உடறாரு. பழம் பறிக்கறது என்ன கேவலமா, உடம்பு நல்லாருந்தா போதுங்கறாரு.

— அட போ, அதுவாச்சும் நடந்துச்சே. சரி. ஏரும் இல்ல, லீக்கும் இல்ல. அப்ப பிரேக் தட்டுலதான் இருக்கோணும். எங்க இருக்குது அது?

— சீட்டுக்கு அடியிலீங்க. ரெண்டு பக்கமும் தனித்தனி மூடி. தண்ணி பூந்துரக் கூடாதுன்னு நாலு நாலு போல்ட்டு போட்டிருக்கும்.

— அந்த ஸ்பேனர எடு. முதுகு வேற போவுது எனக்கு, குனிஞ்சா நிமிர முடியல... இதென்ன, மூடியெல்லாம் சேறு காஞ்சு கெடக்குது, போல்ட்டுத் தலை மட்டும் பளபளங்குது? நீ தொறந்தியா?

— நானாங்க? பெட்ரோல் ஊத்துவேன், கழுவுவேன். ஸ்பேனரத் தொட்டதே இல்லீங்களே.

— இங்க வா. இந்தத் தட்டுல வெரல வை.

— வழவழன்னு இருக்குதுங்க.

— மோந்து பாரு.

— வெளக்கெண்ணங்கண்ணா!

— தட்டப் புடிக்கற பேடு எண்ணையில ஊறிப் போய்க் கெடக்குது. எண்ண பட்ட பிரேக்க நீ என்ன, பயில்வான் வந்து இழுத்தாலும் புடிக்காது. நீ ரெண்டையும்தாம்மா இழுத்திருக்கற. ரைட்டரக் கூப்பிட்டு எழுதுனதக் கிழிச்சுப் போடச் சொல்லு.

— கொஞ்சம் உக்காந்துக்கறனுங்க.

— உக்காரு, உக்காரு. அழுதாலும் அழுதுக்க. நான் அந்தப் பக்கம் பாத்துக்கறேன்.

— நான் சரியாத்தான் இழுத்தனுங்களா...

— சரியாத்தான் இழுத்த. தண்ணி குடி.

— மோதறதுக்கு மொத நாளு ஆயுத பூசைங்கண்ணா. வருசா வருசம் எஸ்டேட்டு வண்டி, மிசினு அத்தனையும் கழுவி, வெளக்கெண்ணத் துணியாலத் தொடச்சு, பொட்டு வெப்பாங்க. அதுல தெரியாம பட்டிருக்குங்களா?

— நானும் அப்படித்தான் நெனச்சேன். பூசை முடிஞ்ச மறுநாளு பிரேக்குல எண்ண தடவிக்கிட்டு நாலு பைக்காவது என் கடைக்கு வந்துரும். இரு, இடது மூடியையும் கழட்டிப் பாத்தர்றேன்... ம். சொட்டு எண்ண இல்ல, காஞ்சு கெடக்குது. பூசைக்குத் தொடைக்கறவன் வெளியத்தான தொடைப்பான்? இவன் நாலு போல்ட்டக் கழட்டி, ஒரு பக்கம் மட்டும் ஊத்தி, மறுபடியும் முடுக்கி வெச்சிருக்கான். அன்னிக்கு வண்டியத் தொடச்சது யாரு?

— இந்த மூடிய நான் மூடிர்றனுங்கண்ணா.

— சுகுணா, உன்னத்தாங் கேக்கறேன்.

— அவருதானுங்க.

— காளியண்ணனா?

— அவரேதான் என் கையிலருந்து துணிய வாங்கித் தொடச்சாரு. நீ போய்ப் பொரிகடலை கட்டு, நான் பாத்துக்கறேன்னாரு.

— சரி உடு. எதும் அவசரப்பட்டு நெனச்சுக்காத. கோவத்துல என்னமோ கிறுக்குத்தனம் பண்ணிட்டான், இவ்வளவு ஆவும்னு தெரிஞ்சிருக்காது. நான் எண்ணன்னு எழுதல. பேடு கெட்டுப் போச்சுன்னு எழுதிக் குடுத்தர்றேன். உன் வேலையும் போவாது, ஊடும் ஒடையாது. எனக்கும் கடையில ரெண்டு ஜீப்பு காத்துக் கெடக்குது.

— அன்னிக்குக் காலைல எங்க பாப்பா கொளம் வரைக்கும் வர்றேன்னு வண்டியில ஏறி உக்காந்துக்கிச்சுங்கண்ணா. அவருதான் எங்கிருந்தோ ஓடியாந்து அதத் தூக்கி எறக்குனாரு. இன்னிக்கு மட்டும் வேண்டாஞ்சாமின்னாரு.