தாவீதின் ரத்தம்

பொன்னேரியில் ஏழு இருபது ரயிலைப் பிடித்தால் உட்கார இடம் கிடைக்கும். அதனால் கும்மிடிப்பூண்டி பூச்சிமருந்துத் தொழிற்சாலைக்குத் தினமும் முதலில் வருபவன் நான்தான். எட்டு வருடமாக அங்கே லேப் என் பொறுப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொழிலாளிகளின் ரத்தத்தைச் சோதித்து அட்டையில் எழுத வேண்டும். சோதிக்காமலே ‘நார்மல்’ என்று எழுதி வந்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

2006 ஜூனில், பேக்கிங்கில் இருந்த தாவீது கேன்டீனில் எல்லார் முன்னாலும் கேட்டான்.

“இன்னா சார், ஊசியே குத்தல, ரிசல்ட் மட்டும் எப்டி வருது? எங்க உசுரு இன்னா ஓசியா?”

பெண்கள்கூடச் சிரித்தார்கள். நான் எம்.எஸ்சி. படித்தவன். அவன் எட்டாவது.

மறுநாள் அவனைக் கூப்பிட்டு ஊசி குத்தினேன். ஒழுங்காகவே சோதித்தேன். பாராக்சோனேஸ் என்று ஒரு நொதி உண்டு. ரத்தத்தில் ஓடும் கொழுப்பு கெட்டுப்போகாமல் தடுத்து, செல்களைக் காப்பது அதன் வேலை. நாங்கள் தயாரித்த மருந்தின் விஷத்தை உடைப்பதும் அதுதான். சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவு. நான் பாதியில் விட்ட ஆராய்ச்சியே அதைப் பற்றியதுதான். தாவீதிடம் அது இல்லை என்றே சொல்லலாம். மூன்று முறை பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது.

உண்மை அளவை என் நோட்டில் குறித்தேன். அதைத்தான் நீங்கள் ஸ்டேஷனில் எடுத்து வைத்திருக்கிறீர்கள். அட்டையில் ‘நார்மல்’ என்று எழுதினேன். மருந்து கலக்கும் ஷெட்டுக்கு அவன் தோதான ஆள் என்று மேனேஜரிடம் சொன்னேன். அங்கே பகல் வேலை மட்டும்தான். தாவீது என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“சாரி சார். அன்னிக்கி வாய் நீண்டுட்ச்சி.”

பத்தாம் நாள், தலை வலிக்கிறது, எச்சில் வடிகிறது என்று வந்தான். கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. விஷமுறிவு ஊசி அலமாரியில் இருந்தது. தலைவலி மாத்திரை ஒன்றைக் கொடுத்து ஷெட்டுக்கே திருப்பி அனுப்பினேன். சாயங்காலத்துக்குள் செத்துப்போனான். உடன் வேலை செய்த ஆறு பேருக்கும் ஒன்றுமில்லை.

அவன் மனைவி ஏஞ்சல் லேப் வாசலில் வந்து நின்றாள்.

“நல்லா கீறார்னு நீங்கதான சார் எழுதிக் குட்த்தீங்க?”

“மனுஷ உடம்பும்மா. யார் கண்டா?” என்றேன்.

தெரிந்தேதான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால், அவன் மேல் எனக்கு விரோதம் என்று மட்டும் எழுதாதீர்கள். சவப்பெட்டியின்மேல் முதல் மாலை வைத்தவனே நான்தான்.