பல் டாக்டர் பொண்ணுதானே நீ?

— அப்போ தையல்காரர் வீட்டுக்கும் நீதான் டாஃபி வித்திருக்க?

— ஆமாப்பா. ரெண்டு பெட்டி. அவர் சம்சாரம் ஒண்ணு போதும்னாங்க. அவர்தான் இன்னொண்ணையும் குடும்மான்னு கையை நீட்டினார்.

— போஸ்ட்மேனுக்கு?

— அவர் வாசல்லயே பிரிச்சு வாயில போட்டுக்கிட்டார். ரொம்ப நல்ல மனுஷன்.

— நல்ல மனுஷன்தான். அந்த நல்ல மனுஷன் இன்னிக்குக் காலையில, நான் கிளினிக் கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியே, பல்லுக்குப் போட்ட கேப்பைத் தீப்பெட்டிக்குள்ள வெச்சு எடுத்துக்கிட்டு வந்து நிக்கறார். அவருக்கு ஒட்டி அனுப்பறேன், தையல்காரர் வரார். அவருக்கு ஒட்டி முடிக்கறேன், இதோ டீச்சர். டீச்சர், நீங்க பேசக் கூடாது. பஞ்சை நல்லா அழுத்திக் கடிச்சுக்குங்க. பசை இறுகப் பத்து நிமிஷம் ஆகும்.

— ம்ம்.

— டீச்சருக்கும் நீதானே வித்த?

— ஒரே ஒரு பெட்டிப்பா.

— ம்ம்! ம்ம்ம்!

— பாரு, அவங்களே ஆமாங்கறாங்க. ஒரே நாள்ல மூணு கேப்! பதினேழு வருஷமா இந்த நாற்காலி பக்கத்துல நிக்கறேன், இப்படி ஒரு சனிக்கிழமையைப் பார்த்ததில்ல. மூணும் நான் போன மாசம் போட்டது. மூணு பேரும் உன்கிட்ட டாஃபி வாங்கினவங்க. அது என்ன டாஃபியா, பசையா? நேத்து நீ ஒண்ணு குடுத்தியே, ஜவ்வு மாதிரி இழுத்துக்கிட்டுப் போகுது. எனக்கே தாடை வலிச்சுது.

— ஆனா இன்னொண்ணு கேட்டீங்களே.

— அது வேற விஷயம். லைட்டை இந்தப் பக்கம் திருப்பு. ம். இப்போ நேராச் சொல்லு. இது பல்லுக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லி வித்தியா?

— சத்தியமா இல்லப்பா! அப்படி ஒரு வார்த்தை என் வாயில வரல.

— பின்னே என்ன சொன்ன?

— கதவைத் தட்டுவேன். எங்க வாலிபால் டீம் வெளியூர்ப் போட்டிக்குப் போகுது, பஸ்ஸுக்காக டாஃபி விக்கறோம்னு சொல்வேன். அவங்க பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாங்க. அப்புறம் என் மூஞ்சியைப் பார்ப்பாங்க. 'பல் டாக்டர் பொண்ணுதானே நீ?'ம்பாங்க. ஆமாம்பேன். 'அப்போ பல்லுக்கு ஒண்ணும் ஆகாததாத்தான் இருக்கும்'னு அவங்களே சொல்லிக்கிட்டு வாங்கிடுவாங்க.

— அப்போ நீ என்ன பண்ணுவ?

— சிரிப்பேன்.

— சிரிப்பியா?

— பல்லு தெரிய.

— ம்ஹும்ம்ம்...

— டீச்சர், சிரிக்காதீங்க, கேப் நகர்ந்துடும். குட்டி, நான் உன்கிட்ட என்ன சொல்லியிருந்தேன்?

— கிளினிக் வாசல்ல விக்கக் கூடாதுன்னீங்க.

— எதுக்குச் சொன்னேன்?

— இந்தப் பக்கம் பொண்ணு மிட்டாய் விக்கறா, அந்தப் பக்கம் அப்பா பல்லு பிடுங்கறார், ரெண்டு பேரும் கூட்டுன்னு பேசுவாங்கன்னு. அதனாலதான் தெருத்தெருவாப் போனேன். 'உன் டீம், உன் பொறுப்பு, என் பேரை இழுக்காதே'ன்னும் சொன்னீங்க. நான் இழுக்கலப்பா. அதுவா வந்துச்சு.

— அதுவா வந்துச்சா! வந்ததை வாசல்லயே நிறுத்தியிருக்கணும். 'இல்லைங்க, இது எல்லா மிட்டாய் மாதிரிதான், பல்லுல ஒட்டும், கேப் போட்டவங்க சாப்பிடாதீங்க'ன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? உனக்குத் தெரியும்தானே?

— ...தெரியும்.

— தெரிஞ்சும் பேசாம இருந்துட்டு, ஆள் ஏமாந்தப்புறம் 'நான் ஒண்ணும் சொல்லல'ங்கறது பொறுப்பா? அது சாமர்த்தியம். பொறுப்பு வேற, சாமர்த்தியம் வேற.

— ம்ம்! ம்ம்ம்ம்!

— அப்பா, டீச்சர் ஏதோ சொல்ல வராங்க.

— வலிக்குதோ? டீச்சர், வலிச்சா இடது கையைத் தூக்குங்க.

— வலது கையைத் தூக்கறாங்கப்பா.

— அப்போ வலி இல்ல. இன்னும் ஆறே நிமிஷம் டீச்சர், பொறுத்துக்குங்க. இந்தப் பொண்ணைப் பெத்ததுக்கு நான் பொறுத்துக்கறேன் இல்லையா.

— அம்மாதான்ப்பா பெத்தாங்க.

— வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. சரி, கேட்டுக்கோ. சாயங்காலத்துக்குள்ள நீ வித்த வீடு ஒவ்வொண்ணுக்கும் போற. 'நீங்க நினைச்சது சரியில்ல, எனக்குத் தெரிஞ்சும் நான் சொல்லல'ன்னு சொல்ற. திருப்பித் தரேங்கறவங்ககிட்ட வாங்கிக்கற.

— எல்லாரும் திருப்பிக் குடுத்துட்டா?

— குடுக்கட்டும்.

— அப்போ பஸ் இல்லப்பா! நான் மட்டும் இல்ல, பன்னெண்டு பேரும் போக முடியாது. அடுத்த வாரம் போட்டி. நாங்க மூணு வருஷமா முதல் சுத்துலயே தோத்துட்டுத் திரும்பறோம். இந்த வருஷம்தான் நான் பந்தைத் தூக்கிக் குடுக்கக் கத்துக்கிட்டேன். நான் தூக்கினா எங்க கேப்டன் அடிக்கறது அப்படி ஒரு அடி! எதிர்ப்பக்கம் நிக்கறவங்க குனிஞ்சுடுவாங்க. கோச் இந்தத் தடவை நிச்சயம்னு சொல்லியிருக்கார்.

— அதையெல்லாம் பல்லைக் காட்டிச் சிரிக்கும்போது நினைச்சிருக்கணும்.

— ம்ம்ம்!

— டீச்சர், தயவுசெஞ்சு...

— அப்பா.

— என்ன?

— அவங்ககிட்ட நான் என்ன சொல்றது? டீம்ல. என்னாலதான் பஸ் போச்சுன்னா?

— அதையும் நீதான் சொல்லணும்.

— ...சரி.

— என்ன சரி?

— போறேன். நீங்க சொல்றது சரிதான். முதல் வீட்டுலயே சொல்லியிருக்கணும். அந்த வீட்டு ஆன்ட்டி 'பல்லுக்கு நல்லதா?'ன்னு கேட்டே கேட்டாங்க. அப்போ சொல்லிடணும்னு உறுத்துச்சு. அடுத்த வீட்டுல கொஞ்சம் குறைஞ்சுது. அஞ்சாவது வீட்டுல ஒண்ணுமே இல்ல.

— அழறியா?

— இல்ல. லைட் கண்ணுல அடிக்குது.

— லைட் டீச்சர் வாயில அடிக்குது குட்டி. இந்தா, துடைச்சுக்கோ. உன்னைத் திட்டிட்டு எனக்கு மட்டும் சந்தோஷமாவா இருக்கு? நீ கப் வாங்கிட்டு வந்தா முதல்ல குதிக்கற ஆளு நான்தான்.

— ம்ம்ம்ம்! ம்ம்!

— பத்து நிமிஷம் ஆயிடுச்சு. துப்பிடுங்க டீச்சர். மெதுவா. வாயைக் கொப்புளிச்சுக்குங்க.

— அப்பாடா! டாக்டர், நீங்க பாட்டுக்கு வகுப்பு எடுத்துக்கிட்டே இருக்கீங்க, நான் கையைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை கழண்டுடுச்சு. என் வகுப்புல ஒரு பிள்ளை இவ்வளவு நேரம் கையைத் தூக்கினா, பாத்ரூமுக்காவது அனுப்பியிருப்பேன்.

— மன்னிச்சுக்குங்க டீச்சர். என்ன விஷயம்?

— இத்தனை வருஷம் கணக்குப் பேப்பர் திருத்தியிருக்கேன், அந்த உரிமையில சொல்றேன். படியெல்லாம் அழகாப் போட்டீங்க. விடைதான் தப்பு.

— புரியலையே.

— நான் அந்த டாஃபிப் பெட்டியைப் பிரிக்கவே இல்ல.

— பிரிக்கலையா?

— ஒட்டின பேப்பர் ஒட்டினபடியே இருக்கு. எங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. அவர் கண்ணுல பட்டா முடிஞ்சுதுன்னு துணி அலமாரி மேல, போர்வைக்கு அடியில வெச்சிருக்கேன்.

— அப்போ கேப் எப்படிக் கழண்டுது?

— தண்ணி குடிச்சேன்.

— தண்ணி குடிச்சா?

— வெறும் பச்சைத் தண்ணி டாக்டர். மடக்குன்னு ஒரு வாய், தொண்டைக்குள்ள போறதுக்குள்ள பிடிச்சேன். நல்ல வேளை.

— அதுக்கு வாய்ப்பே இல்லையே. அந்தப் பசை பத்து வருஷம் தாங்கும். குட்டி, தட்டுல இருக்கு பாரு, அந்த டியூபை எடு. என்ன போட்டிருக்குன்னு படி.

— நீங்களே படிக்கலாமேப்பா, கையிலயே தரேன்.

— எழுத்து பொடிசா இருக்கும்.

— அம்மா கண்ணாடி போடச் சொன்னா மட்டும், எனக்கென்ன வயசாயிடுச்சான்னு கேப்பீங்க.

— படி குட்டி.

— 'தற்காலிகப் பயன்பாட்டுக்கு மட்டும்.'

— சரியாப் பாரு.

— சரியாத்தான் இருக்கு. கீழே இன்னும் பொடியா ஒண்ணு. 'கேப்பைச் சில நாள் பொருத்திப் பார்க்க மட்டுமே. நிரந்தரமாக ஒட்ட அல்ல.' அப்பா, இங்கே இன்னொரு டியூப் இருக்கு. இதே வெள்ளை, இதே நீளம். மூடி மட்டும் கொஞ்சம் பச்சை, 'நிரந்தரமாக ஒட்ட'ன்னு போட்டிருக்கு. இதை இன்னும் திறக்கவே இல்லையே.

— நர்ஸ் இருந்தா எந்த டியூப்னு அவங்க எடுத்துக் குடுப்பாங்க. அவங்க பிரசவத்துக்கு லீவுல போனதுல இருந்து நானே எடுத்துக்கறேன்.

— அப்போ தப்பு நர்ஸோடதா டாக்டர்?

— இல்ல டீச்சர். என்னோடது. முழுக்க முழுக்க என்னோடது.

— நர்ஸ் அக்கா போனப்புறம் எத்தனை பேருக்குப்பா கேப் போட்டீங்க?

— பதினொரு பேருக்கு.

— எல்லாம் இதே டியூபா?

— இதேதான்.

— டாக்டர், எனக்கு ஒரு சின்ன சந்தேகம். இப்போ பத்து நிமிஷமா நான் பஞ்சைக் கடிச்சுக்கிட்டு இருந்தேனே, அது எந்த டியூப்?

— ...சாஞ்சுக்குங்க டீச்சர். மறுபடி எடுத்துட்டு ஒட்டறேன். உங்ககிட்டதான் முதல்ல மன்னிப்புக் கேட்கணும்.

— மன்னிச்சாச்சு. ஆனா இந்தத் தடவை பொண்ணு படிச்சுச் சொன்னப்புறம் பிதுக்குங்க.

— பச்சை மூடி டீச்சர், நான் பார்த்துக்கறேன். அப்பா, அப்போ... நான்?

— நீ என்ன?

— எனக்கு ஒண்ணும் மாறல, இல்லையா? கேப் கழண்டது என்னால இல்லன்னாலும், நான் சிரிச்சது சிரிச்சதுதானே.

— ஆமா குட்டி. சிரிச்சது சிரிச்சதுதான்.

— சரி. டீச்சருக்கு ஒட்டி முடிச்சதும் கிளம்பறேன்.

— எங்க வீட்டுல சொல்லிட்ட மாதிரி எழுதிக்கோ கண்ணு. பெட்டி திரும்பி வராது.

— நன்றி டீச்சர். அப்பா, நீங்க அந்தப் பதினொரு பேருக்கும் போன் பண்ணிடுங்க.

— போன்ல சொல்ற விஷயமா இது? நேர்ல போய் நின்னு சொல்லணும். இரு, நானும் உன்கூடவே வரேன்.

— நீங்களா? தெருத்தெருவாவா?

— பதினேழு வருஷமா எல்லாரும் என் கதவைத் தட்டித்தான் பழக்கம், எனக்குத் தட்டத் தெரியாது. நீ தட்டு குட்டி, முதல்ல நான் சொல்றேன்.