கிரீன் கார்டுக்கு வைத்த பாட்டில்

பிளானோ நகர மதுக்கடையில் பர்பன் விஸ்கி ருசி பார்க்கும் வரிசை. எனக்கு முன்னால் தலை நரைத்த நண்பர்கள் இருவர்.

“அடிப்பிடிச்ச பால்கோவா வாசனைடா,” என்றார் கண்ணாடி போட்டவர்.

“தீயில வாட்டின மரப்பீப்பாய்ல ஊற வச்சிருக்காங்க. ரெண்டு வயசுதான், தொண்டைய கீறுது,” என்றார் தொப்பிக்காரர்.

“வாங்கி வச்சா வீட்லயே பழுத்துடும்.”

“பாட்டில்ல அடைச்சப்புறம் பழுக்காதுடா. அப்படியேதான் இருக்கும்.”

கண்ணாடிக்காரர் கோப்பையை வைத்துவிட்டார்.

“ரூம்மேட்டா இருந்தப்ப, கிரீன் கார்டு வந்தா திறக்கணும்னு வாங்கினோமே, அது?”

“அன்னைக்கு இருந்த மாதிரியேதான் இருக்கும்.”

“நமக்குத்தான் நரைச்சிடுச்சு. சாயங்காலம் வீட்டுக்கு வா, திறந்துடலாம்.”

“அப்ப கிரீன் கார்டு வந்தா?”

“அதுக்கு இது இருக்கட்டும்,” என்று கண்ணாடிக்காரர் அந்த ரெண்டு வயசு பர்பனில் ஒரு பாட்டிலை எடுத்துக் கூடையில் வைத்தார்.