விடுதலையாகி நாலு மாசம்

இல்ல தம்பி, நான் திருடல. அதைத்தான் கோர்ட்டே சொல்லிருச்சே. நீங்க ஃபோன்ல தமிழ்ல பேசினது காதுல விழுந்துச்சு, அதான் வந்து பக்கத்துல ஒக்காந்தேன். தப்பா நெனச்சுக்காதீங்க.

ஓட்டல்ல துணி தேய்க்கிற வேலை எனக்கு. ஒரு நாளைக்கு எறநூறு சட்டையாவது வரும். அங்க தங்கியிருந்த ஒருத்தரோட கோட்டுப் பையில வாட்ச் இருந்துச்சாம், காணோமாம். அந்தக் கோட்டைக் கடைசியாத் தொட்டது நான். அவ்வளவுதான் கேஸு. மூணு மாசம் உள்ள, அப்புறம் ஜாமீன். பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிட்டாங்க. ரெண்டு வருஷம் இழுத்துச்சு.

வாட்சா? கெடைச்சுதே. அவரு பொட்டியோட உள்பக்கத் துணி கிழிஞ்சு, அதுக்குள்ள போய் கெடந்திருக்கு. கோர்ட்டுக்கு அவரே எழுதி அனுப்பினாரு. மன்னிப்பும் கேட்டிருந்தாரு, நல்ல மனுஷன்தான்.

தீர்ப்பன்னிக்கு மொழிபெயர்க்கிற அம்மா என் பக்கம் திரும்பி, நீங்க போகலாம்னாங்க. நேரா ஏர்போர்ட்டுக்கான்னு கேட்டேன். அவங்களுக்கே சிரிப்பு வந்துருச்சு. அதுக்கப்புறம் நாலு மாசம் ஓடிருச்சு. அரசு வக்கீல், மேல் கோர்ட்டுக்குப் போகலைன்னு எழுதித் தரணும்னாங்க. தந்தாரு. அதுல என் பேர்ல ஒரு எழுத்து தப்பு. மறுபடி கோர்ட்டு. அப்புறம் நாட்டை விட்டு வெளிய போற அனுமதிக்கு இந்த ஆபீஸ். இந்த நாற்காலிக்கே என்னை நல்லாத் தெரியும்.

வீட்லயா? பொண்ணும் சம்சாரமும். பொண்ணு நர்ஸுக்குப் படிக்குது. சம்சாரத்துக்கு ரெண்டு கிட்னியும் போச்சு, வாரத்துக்கு மூணு தடவை ரத்தம் சுத்தம் பண்ணணும். ஆனா வாய் மட்டும் கொறையல. போன மாசம் சொல்றா, நெசமாவே அந்த வாட்சை எடுத்திருந்தீங்கன்னா மணி பாத்தாவது வீடு வந்து சேந்திருப்பீங்கன்னு. அவ திட்டினா தெம்பா இருக்கான்னு அர்த்தம். போன வாரம் திட்டல. எப்ப வர்றீங்கன்னு மட்டும் கேட்டா. சீக்கிரம்னேன். சீக்கிரம்னா எந்தக் கெழமைன்னு கேட்டா.

ஆமாமா, இன்னிக்குக் குடுத்துருவாங்க போலதான் இருக்கு. பேரெல்லாம் சரியாயிருச்சு.

ஒரு உதவி பண்ணுவீங்களா? உங்களுக்கு இவங்க எழுத்து வருமில்ல? இந்த ஃபாரத்துல, போற காரணம்ங்கற எடத்துல, சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லன்னு நேத்து மத்தியானம் ஒருத்தர்கிட்ட எழுதி வாங்கினேன். அதை அடிச்சுட்டு மாத்தணும். இல்லன்னா பொய் எழுதிட்டான்னு மறுபடி புடிச்சு வச்சுக்குவாங்க.

நேத்து சாயங்காலம் போயிட்டா. நாளைக்கு வரைக்கும் வச்சிருக்கட்டுமாப்பான்னு பொண்ணு கேட்டுச்சு. இந்த ஆபீஸை நம்பி வச்சிருக்காதம்மான்னுட்டேன். காலையில எடுத்துட்டாங்க.

கீழ, அவசரம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, டிக் போட்டு. அதையும் எடுத்துருங்க.