பத்துப் பேருக்கும் மே பதினேழு

…இந்தப் பெடியளுக்கு மண்டைக்குள்ள களிமண் எண்டாலும் ஒரு அளவு வேணும் அண்ணை! நில்லுங்கோ, பாரைமீன்தானே, வெட்டித் தாறன். நீங்கள் லண்டன்ல இந்த ரெய்னர்ஸ் லேன் பக்கத்துக்குப் புதுசு, எங்கட ரீமைத் தெரியாது. பேஸ்போல்! ஓம், அமெரிக்கன்ர விளையாட்டுத்தான். ஊரில பள்ளிக்கூடத்தில ‘எல்லே’ எண்டு தடியால பந்தை அடிச்சிட்டு ஓடினனாங்களெல்லோ, அது மாதிரித்தான். உடுப்புத்தான் கொஞ்சம் கூட. ஒன்பது பெடியள், நான் செக்ரட்டரி. வாற ஞாயிறு பைனல். அதுக்குள்ள லீக்கில இருந்து கடிதம்! உங்கட ஆக்கள் எல்லாரும் ஒரே நாளில பிறந்திருக்கினம், 1961 மே பதினேழு, விளக்கம் தராட்டி விளையாட ஏலாதாம்!

துண்டு பெரிசாவோ, சின்னனாவோ? குழம்புக்கோ… சரி, சரி.

பந்து எறியிற சுஜீத்துக்குப் பத்தொன்பது வயசு அண்ணை. மீசையே யோசிச்சு யோசிச்சுத்தான் வருது. படிவத்தில அவனுக்கு நாற்பத்தைஞ்சு! பின்னுக்கு நிண்டு பந்து பிடிக்கிற தீபன், அவன்ர தேப்பனுக்கே இன்னும் அவ்வளவு ஆகேல்லை. கேட்டா, ‘அங்கிள், பிறந்தநாள் ஏற்கெனவே எழுதிக் கிடந்தது’ எண்டு பல்லைக் காட்டுறாங்கள்.

என்ன? ஆர் எழுதினதோ? அது… மாதிரிக்கு என்ர படிவத்தை நிரப்பி, பேருக்கு மேல டிப்பெக்ஸ் வெள்ளை பூசி அழிச்சு, ஒன்பது போட்டோகொப்பி எடுத்துக் குடுத்தது நான்தான். பேரை மட்டும் எழுதுங்கோ எண்டு சொன்னதும் நான்தான். அதுக்காக? ஒருத்தனாவது ஒரு வார்த்தை கேக்கக் கூடாதோ!

நேற்று மே பதினேழெல்லோ. பிரக்டிசுக்குப் போறன், பார்க்கில கேக்கோட நிக்கிறாங்கள்! என்னோட சேர்த்துப் பத்துப் பேரின்ர பேரும் அதில. பாட்டும் பாடி, என்ர மூக்கில கிறீமும் அப்பி… சிரிக்காதேங்கோ அண்ணை. எனக்கு அழுகையே வந்திட்டுது. இந்த நாட்டுக்கு வந்து இருபது வருசம், எனக்கு ஒருத்தரும் கேக் வெட்டினதில்லை. வெட்ட நானும் விட்டதில்லை.

ஏனோ? ஆருக்கும் சொல்லாதேங்கோ. அது என்னை இஞ்ச அனுப்பின ஏஜென்சிக்காரன் கள்ளப் பாஸ்போட்டுக்குப் போட்ட திகதி. நான் பிறந்தது கார்த்திகையில. ஒரே நாளில பத்துப் பேர், அண்டைக்குப் பிறந்தவன் ஒருத்தனும் இல்லை!

பெடியளின்ர சரியான திகதியெல்லாம் இண்டைக்குக் காலமை அனுப்பிப்போட்டன். லீக்கும் ஓமெண்டிட்டினம், ஞாயிற்றுக்கிழமை விளையாடுவாங்கள். கடைசியா என்ர படிவத்தையும் கையில எடுத்தனான்… கேக்கும் வெட்டியாச்சு, இனி எப்பிடி அண்ணை மாத்திறது? அப்பிடியே விட்டிட்டன்.

அது கிடக்கட்டும். தோள் பலமாத்தான் இருக்கு உங்களுக்கு, எங்கட ரீமுக்கு வாங்கோவன். படிவம் இஞ்ச மேசை லாச்சிக்குள்ள கிடக்கு. இந்தமுறை வெறும் படிவம், பயப்பிடாதேங்கோ. பேர் நரசிம்மன் எண்டெல்லோ சொன்னனீங்கள். பிறந்தநாள் எப்ப?

என்ன… ‘எது, பாஸ்போட்டில இருக்கிறதோ, மெய்யானதோ’ எண்டோ?

இந்தாங்கோ அண்ணை, மீன். தலையையும் சேர்த்து வச்சிருக்கிறன். நேற்றையான் கேக்கில ஒரு துண்டு மிச்சமிருக்கு, அதையும் திண்டிட்டுப் போங்கோ.